பெட்டி ஒட்டிய கை முதலாளி ஆகுமா? பட்டாசு மண்ணின் பெண்களுக்கு ஒரு தொழில் வழிகாட்டி

போன தீபாவளிக்கு நீங்கள் பற்றவைத்த சரவெடியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்தக் குட்டி வெடிகளின் திரியை ஒன்றோடு ஒன்று பின்னியது பெரும்பாலும் ஒரு பெண்ணின் விரல். அதை அடைத்த அட்டைப்பெட்டியை மடித்தது இன்னொரு பெண். உங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிற தினசரி காலண்டரின் தாள்களை அடுக்கியதும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். சிவகாசியிலிருந்து லாரி ஏறும் எந்தப் பொருளை எடுத்தாலும் இதே கதைதான். வேலை நடக்கிற கொட்டகையில் பெண்கள் நிறைந்திருப்பார்கள். முதலாளி நாற்காலியில்தான் தேட வேண்டியிருக்கும்.

அந்த நாற்காலியில் உட்கார என்ன வேண்டும், உட்கார்ந்த பிறகு நம்ம தெருவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிற மாதிரி எப்படி நடத்துவது, இதற்கு முன்னால் யாரெல்லாம் முயன்றார்கள், எங்கே ஜெயித்தார்கள், எங்கே சறுக்கினார்கள்... இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். சேமித்து வைத்துக்கொண்டுகூட படியுங்கள்.

கரிசல் மண்ணில் தீப்பெட்டி வந்த கதை

மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயம் மானத்தைப் பார்த்துக் கிடக்கிற பூமி. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் மருந்துக்கும் வசதியாக இருந்தது. வேலையில்லாத கைகளும் ஏராளம். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் அடிக்கப்போய் அச்சுத்தொழில் என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன. சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர், அந்தப் பக்கம் கோவில்பட்டி வரை இந்த வட்டாரம் நீள்கிறது.

கூலி என்பது பெரும்பாலும் எண்ணிக்கைக் கூலி. இத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினால் இவ்வளவு, இத்தனை சரம் பின்னினால் இவ்வளவு. ஒரு குரோஸ் என்றால் 144 என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். கல்யாணம், வைத்தியம் என்று முன்பணம் வாங்கியிருந்தால், அது கழியும்வரை வேறு இடம் போக முடியாது. 1996 டிசம்பர் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் எம்.சி.மேத்தா வழக்கில் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்பு சொன்னபோது, அந்த வழக்கின் மையத்தில் இருந்த ஊர் சிவகாசிதான். அந்தப் பிள்ளைகளில் பலர் அம்மாவின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் கூடவே உட்கார்ந்தவர்கள். அம்மாவின் வருமானம் உயர்ந்தால் பிள்ளையின் பையில் புத்தகம் இருக்கும் என்பது இந்த ஊரில் வெறும் பேச்சு இல்லை.

விபத்துகளையும் சொல்லாமல் போக முடியாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். அந்தப் பட்டியல் இன்னும் முடிந்தபாடில்லை. விபத்து இல்லாத நாளிலும் நிச்சயமில்லை. 2018 அக்டோபர் 23-ம் தேதி பசுமைப் பட்டாசு மட்டும்தான், பேரியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தீர்ப்பு சரியா தப்பா என்பது வேறு விவாதம். அந்த மாதங்களில் வீட்டு அடுப்பை எரியவைக்க வேறு வழி வைத்திருந்த பெண் எத்தனை பேர் என்பதுதான் நமக்கான கேள்வி.

நம்ம ஊரின் முதல் ஸ்டார்ட்அப்: பிடி அரிசி

சமூகத் தொழில், கூட்டு முதலீடு என்றதும் ஏதோ பெங்களூருவில் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைக்கிறோம். விருதுநகர் அதை விருதுபட்டியாக இருந்தபோதே செய்துவிட்டது.

காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை எப்படி நடந்தது தெரியுமா? தினமும் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அது சேகரிக்கப்பட்டு, விற்ற பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இதற்குப் பெயர் பிடி அரிசி. வியாபாரிகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினார்கள், அது மகமை. உறவின்முறை இதை நிர்வகித்தது. பெரிய தனவந்தர் யாரோ ஒருவர் கொடை கொடுத்து நடந்த பள்ளி இல்லை அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரிசியை எடுத்து வைத்தது பெண்கள், கணக்குப் பார்த்து முடிவெடுத்தது ஆண்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மகளிர் சுய உதவிக் குழுவில் மாறியது அந்த இரண்டாவது பாதிதான். அதே கைப்பிடி, ஆனால் நோட்டுப் புத்தகமும் அவள் கையில்.

அதே வேலை, வேற கணக்கு

1959 மார்ச் 15. பம்பாய் கிர்காவ் பகுதியில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடி. ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் உருட்டினார்கள். முதல் நாள் தேறியது நாலு பாக்கெட். லிஜ்ஜத் அப்பளத்தின் ஆரம்பம் அது. இன்று அதில் சுமார் 45,000 பெண்கள் இருக்கிறார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன்? லிஜ்ஜத்தில் வேலை நடக்கிற முறையைப் பாருங்கள். காலையில் கிளைக்குப் போய்ப் பிசைந்த மாவை வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் உட்கார்ந்து உருட்டிக் காயவைத்து, மறுநாள் எடை போட்டுக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். சிவகாசித் தெருக்களில் தீப்பெட்டி ஒட்டிய முறை இதேதான்! அட்டையும் பசையும் வீட்டுக்கு வரும், ஒட்டின பெட்டி எண்ணிக்கையாகத் திரும்பப் போகும்.

வேலையில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், லிஜ்ஜத்தில் அப்பளம் உருட்டுகிறவர்தான் உறுப்பினர். லாபமானாலும் நஷ்டமானாலும் அவர்களுக்குள்தான் பங்கு. இங்கே பெட்டி ஒட்டுகிறவர் கூலிக்காரர், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான தெருக்களில் லட்சக்கணக்கான பெட்டி ஒட்டியும் நம்ம பக்கம் அப்படி ஒரு பெயர் கிளம்பவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

புதுக்கோட்டைப் பெண்கள் குவாரி நடத்தினார்கள்

'கஷ்டமான, ஆபத்தான தொழிலில் கூலிக்காரப் பெண் எப்படி முதலாளி ஆவாள்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில், இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அறிவொளி இயக்கக் காலம் அது. சைக்கிள் கதை எல்லாருக்கும் தெரியும். குவாரிக் கதை அவ்வளவாகத் தெரியாது. ஒப்பந்ததாரர்களிடம் கடன்பட்டு, கொத்தடிமை மாதிரி கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, கல்குவாரிகளை அவர்களுக்கே குத்தகைக்கு விட்டது மாவட்ட நிர்வாகம். நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகள், ஆயிரக்கணக்கான பெண்கள். நேற்றுவரை லோடு கணக்கில் கூலி வாங்கியவர்கள், லாரிக்காரரிடம் விலை பேசினார்கள். வருமானம் கூடியது, கடன் அடைந்தது. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்புறம்? ஆட்சியர் மாறினார். குவாரியை இழந்த ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய செல்வாக்கு திரும்பி வந்தது. பல குவாரிகள் பெண்களின் கையைவிட்டுப் போயின.

இதில் நமக்கு இரண்டு சேதி. பெண்களால் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் வந்துவிட்டது, முடியும். நல்ல அதிகாரி ஒருவரை மட்டும் நம்பிக் கட்டினால் அவர் டிரான்ஸ்ஃபர் ஆகும் நாளில் ஆட்டம் காணும் என்பது அடுத்தது. உங்கள் குத்தகை, உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் வாடிக்கையாளர் பட்டியல், எல்லாமே உங்கள் குழுவின் பெயரில் எழுத்தில் இருக்க வேண்டும்.

சின்னப்பிள்ளை அம்மா

இன்னும் பக்கத்தில் வருவோம். மதுரை அப்பன்திருப்பதி அருகே பில்லுச்சேரி. சின்னப்பிள்ளை அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வயல்வேலைக்குப் பெண்களைத் திரட்டிப்போய், மொத்தமாகக் கூலி பேசி வாங்கித் தருகிறவராக இருந்தார். இந்தத் திறமையை இன்றைக்கு எந்த எம்.பி.ஏ கல்லூரியிலும் காசு கட்டித்தான் கற்க வேண்டும்.

1990-ல் மதுரைப் பக்கத்தில் தொடங்கிய களஞ்சியம் சேமிப்புக் குழுக்களில் அவர் சேர்ந்தார், பின்னால் அந்த இயக்கத்தின் முகமாகவே ஆனார். களஞ்சியம் என்றால் தானியம் சேர்த்து வைக்கும் இடம். பிடி அரிசியின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் சிறு தொகை, அதிலிருந்தே உள்கடன், கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டாம். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வாங்கப் போனபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடெங்கும் வந்தது. 2019-ல் பத்மஸ்ரீ.

இந்த இடத்தில் கட்டுரையை மங்களம் பாடி முடித்துவிடலாம்தான். ஆனால் அதே சின்னப்பிள்ளை அம்மா, தனக்கு வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை என்று 2024-ல் பொதுவெளியில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் தமிழக அரசு வீடு ஒதுக்கியது. ஆயிரக்கணக்கான பெண்களைக் கடனிலிருந்து மீட்டவருக்கே இதுதான் நிலைமை. ஊருக்காகத் தொழில் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் தங்கள் சம்பளத்தையும் முதல் நாளே கணக்கில் எழுதுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பணம் எங்கேயிருந்து வரும்?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முயற்சி 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. 1992-ல் நபார்டு, சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியை நாடு முழுவதும் 500 குழுக்களோடு பரீட்சித்துப் பார்த்தது. அந்தப் பாதை இப்போது நன்றாகத் தேய்ந்து, நடக்க வசதியாக இருக்கிறது. நீங்கள் புதிதாக வெட்ட வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். 12 பேர் உள்ள குழு, ஆளுக்கு மாதம் 200 ரூபாய். ஆறு மாதத்தில் 14,400. அதற்குள் வாராவாரம் கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்தல், சரியான கணக்குப் புத்தகம் என்ற ஐந்தும் இருந்தால் (இதைப் 'பஞ்ச சூத்திரம்' என்பார்கள்) குழு வங்கிக் கடனுக்குத் தகுதியாகிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி முதல் கடன், குழுவின் நிதியைப்போல் ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. நம்ம குழுவுக்கு ஆறு மடங்கு 86,400 தான் வருகிறது, ஆக 1.5 லட்சம். 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. 3 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவிகிதம்.

இந்த 7 என்ற எண்ணை லேசாக எடுக்காதீர்கள். 1.5 லட்சத்துக்கு முதல் மாத வட்டி 875 ரூபாய். அதே தொகையை ஆண்டுக்கு 24 சதவிகிதத்தில் வாங்கினால் 3,000 ரூபாய். தெருவில் 'அஞ்சு வட்டி'க்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு வாங்கினால் 7,500 ரூபாய். ஒரே பை, ஒரே தையல், ஒரே உழைப்பு. எந்தக் கதவைத் தட்டினீர்கள் என்பதில்தான் லாபம் முடிவாகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டல், அவமானப்படுத்தல் போன்றவற்றுக்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு கத்துகிற வசூல்காரரைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவிகிதம் மானியம், கைப்பணம் 5 சதவிகிதம் போட்டால் போதும். 5 லட்சத்தில் ஒரு யூனிட் என்றால் உங்கள் பங்கு 25,000, மானியம் 1.75 லட்சம். ஆனால் மானியம் கையில் வந்து விழாது. மூன்று ஆண்டுகள் வங்கியில் உங்கள் பெயரில் முடக்கிவைத்து, பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இதைச் சொல்லாமல் 'அக்கா, 1.75 லட்சம் ஃப்ரீ' என்று வாட்ஸ்அப்பில் ஆசைகாட்டும் புரோக்கர்கள் நிறைய. விண்ணப்பத்துக்குக் கமிஷன் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திட்ட விதிகள் அவ்வப்போது மாறும், மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

உணவுத் தொழில் என்றால் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்திலும் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனமும் அதே திட்டத்தில் வருகிறது. உத்யம் பதிவு முழுக்க இலவசம், போனிலேயே முடித்துவிடலாம்.

என்ன தொழில்? கையில் இருக்கிற வித்தையைப் பாருங்க

முதலில் வேண்டாததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வெடி செய்வது, திரி வெட்டுவது, மருந்து வைத்திருப்பது. 'நமக்குத் தெரிந்த வேலைதானே, நாமே செஞ்சு கொடுத்தா கூடக் கிடைக்குமே' என்று தோன்றும். உரிமம் இல்லாமல் செய்வது குற்றம், அதைவிட முக்கியம், தெருவோடு போய்விடும். இதில் 'கொஞ்சமா' என்பதே கிடையாது.

சிவகாசிப் பெண்களுக்குத் தாள் பழக்கம். மடிப்பு, ஒட்டு, எண்ணிக்கை மூன்றும் விரலிலேயே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. துணிக்கடைப் பை, மருந்துக்கடைக் கவர், இனிப்புப் பெட்டி என்று எல்லாமே தாளைத் தேடுகிற காலம். காகித வியாபாரியும் அச்சகமும் கட்டிங் மெஷினும் நடந்துபோகிற தூரத்தில். இந்த வசதி இந்தியாவில் எத்தனை ஊருக்கு இருக்கிறது சொல்லுங்கள்?

விலை வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு பைக்குத் தாள் 1.20, பசையும் கயிறும் 60 பைசா, ஒட்டுகிறவர் கூலி 80 பைசா, போக்குவரத்தும் சேதாரமும் 40 பைசா. ஆக 3 ரூபாய். நம்ம ஆட்கள் கூலியை விட்டுவிட்டு 2.20 என்று கணக்குப் போட்டு, 2.50-க்கு விற்று, 30 பைசா லாபம் என்று சந்தோஷப்படுவார்கள். நிஜத்தில் அது 50 பைசா நஷ்டம். வீட்டு ஆள் செய்தாலும் கூலி கூலிதான். அதை எழுதாத கணக்கு, பெண்ணின் உழைப்பை ஓசியில் வாங்கிக்கொண்ட கணக்கு.

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு பெரிய தொழில். அங்கிருக்கிற பெண்களுக்கு சானிட்டரி நாப்கின் யோசனை வருவது இயல்பு. கோவை முருகானந்தத்தின் மெஷினைச் சுய உதவிக் குழுக்கள் வாங்கி நடத்தியதும், 2011-12-ல் வந்த புதுயுகம் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கும் நாப்கின்களைக் குழுப் பெண்கள் தயாரித்ததும் நல்ல முன்னுதாரணங்கள். ஆனால் பெரிய பிராண்டுகளின் விளம்பரத்தோடு கடை அலமாரியில் மல்லுக்கட்டினால் மூச்சு வாங்கும். பள்ளி, கல்லூரி, ஆலை, விடுதி என்று மொத்த ஆர்டர் பிடித்த பிறகு மெஷின் வாங்குங்கள். மெஷின் வாங்கிவிட்டு ஆர்டர் தேடிய கதைகள் கண்ணீரில்தான் முடிந்திருக்கின்றன.

தின்பண்டத்தில் இந்த மாவட்டத்துக்கு அறிமுகமே தேவையில்லை. சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஒரு எச்சரிக்கை: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வேறு ஊரில் கிண்டிவிட்டு அந்தப் பெயரை லேபிளில் போட்டால் சட்டச் சிக்கல். கம்பு, சோளம், உளுந்து, வற்றல் என்று கரிசலில் விளைகிறதை வைத்து மாவு, அப்பளம், வடகம் செய்யலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த எண் இல்லாத பாக்கெட்டை நல்ல கடைக்காரர் தொடமாட்டார்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று, குழந்தைக் காப்பகம். 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்த நாளிலிருந்தே பெண் தொழிலாளர் அதிகமுள்ள இடத்தில் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்லி வருகிறது. ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம்பிக்கையான வீடு ஒன்று இருந்தால், பத்து அம்மாக்கள் நிம்மதியாக வேலைக்குப் போவார்கள், அந்தப் பிள்ளைகள் மருந்து வாசனைப் பக்கம் போகமாட்டார்கள். லாபம் குறைவு, பொறுப்பு மலையளவு. ஆனால் சமூகத் தொழில் என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

'சமூக' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

லோகோவில் இரண்டு கை சேர்த்துப் போட்டால் மட்டும் ஆகாது. யாரை வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். விபத்தில் கணவரை இழந்தவர், தீக்காயத்தால் ஆலைக்குத் திரும்ப முடியாதவர், முன்பணத்தில் சிக்கியவர் என்று நம்ம தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வெடி விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக 2024 நவம்பரில் முதல்வர் விருதுநகரில் அறிவித்தார். பிள்ளைக்குப் படிப்பு ஓடும், ஆனால் தனித்து நிற்கும் தாய்க்கு மாத வருமானம் வேண்டுமே. அங்கேதான் உங்கள் தொழில் உள்ளே வருகிறது.

லாபத்தில் எவ்வளவு எதற்கு என்பதை லாபம் வருவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வந்த பிறகு பேசினால் சண்டைதான். வருகிற லாபத்தில் ஒரு பங்கை, உறுப்பினர் ஒருவரின் முன்பணத்தைக் கட்டி மீட்க என்று வைத்துக்கொண்டால், மீண்டவர் குழுவுக்கு மெதுவாக, வட்டி இல்லாமலோ குறைந்த வட்டியிலோ திருப்பித் தரலாம். 1978-ல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியபோது, பூ விற்கிறவர்களுக்கும் மீன் விற்கிறவர்களுக்கும் தேவைப்பட்டது அறிவுரை இல்லை, நியாயமான வட்டியில் சின்னக் கடன். வங்கிகள் முதலில் தயங்கின. அந்தப் பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதுதான் அடுத்த கடனுக்கான சாட்சி ஆனது.

ஊக்குநரும் பிரதிநிதியும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம். பாஸ்புக், காசோலை, தீர்மான நோட்டு ஒரே பீரோவில் இருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை கணக்கை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்காவுக்கும் காதில் விழட்டும். குழுவில் இளம் பெண் நீங்கள் என்றால் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். நீங்கள் கல்யாணமாகி வேறு ஊர் போனால் குழுவின் கணக்கு கூடவே போய்விடக் கூடாது.

எங்கே போய் நிற்பது?

விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மகளிர் திட்ட அலுவலகம். குழு தொடங்க, தரம் பிரிக்க, வங்கிக்கு அனுப்ப எல்லாம் அங்கேதான் ஆரம்பம். கிராமத்தில் என்றால் அதற்கும் முன்னால் உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. மானியத் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையம். தையல், பேக்கிங், உணவுத் தயாரிப்பு என்று இலவசப் பயிற்சி வேண்டுமா, வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது, சாப்பாடும் அங்கேயே. சிறுதானியம், மதிப்புக்கூட்டல் பற்றி அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டில் ஒன்று விருதுநகர், இன்னொன்று ராமநாதபுரம். அந்தப் பெயரைச் சொல்லியே சில வாய்ப்புகளைக் கேட்டு வாங்கலாம், கூச்சப்படாதீர்கள்.

போகும்போது ஆதார், பாஸ்புக் நகலோடு இரண்டு பொருள் கூடுதலாக எடுத்துப்போங்கள். நீங்கள் செய்த சாம்பிள் ஒன்று, அது யாருக்கு வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கைப்பட எழுதிக்கொடுத்த சீட்டு ஒன்று. பத்துப் பக்கத் திட்ட அறிக்கையை விட, அந்தச் சீட்டுக்கு மேஜையில் மரியாதை அதிகம்.

தாள் தொழிலில் இறங்குவதாக இருந்தால் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் புது காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். அதற்குப் பிறகு ஊரில் கையும் மெஷினும் ஓய்வில்லாமல் ஓடும், தாள் வெட்டித் தரச் சொன்னால் 'பொங்கல் கழிச்சு வாங்கம்மா' என்பார்கள். ஆகவே தை பிறந்ததும் சாம்பிள், பங்குனிக்குள் வங்கி, சித்திரையில் முதல் ஆர்டர். ஆடி வருவதற்குள் தாள் ஸ்டாக் உங்கள் திண்ணையில் இருக்க வேண்டும்.